நதிலோகத்தின் தாயெழுத்து

உலகத்தில் இல்லாத ஒரு நதியின் தலைமாட்டில் குடியிருப்பவர்கள் எப்படி எழுதுவார்கள், கால்மாட்டில் குடியிருப்பவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று தீர்மானம் பண்ண, உலகத்தில் இருக்கிற நூற்றுப் பன்னிரண்டு பேர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது சந்தானத்துக்கு அறுபத்தேழாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் அவர் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கவலை ஒன்று இல்லாமல் இருந்தார்.

தபால்காரர் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த வீட்டின் இரண்டாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த உறையில் மூன்று பக்கம் இருந்தது. முதல் பக்கம் உஜானி எழுத்தில், இரண்டாவது பக்கம் மோஹனி எழுத்தில், மூன்றாவது ஆங்கிலத்தில். முதல் இரண்டையும் சந்தானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை. இதில் வெட்கப்பட வேண்டிய சங்கதி என்னவென்றால், உஜானி எழுத்தை உண்டாக்கியவரே அவர்தான்.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய கதை. மேல்மாடியில் டோட்டன் என்று ஒரு பெங்காலிப் பையன் இருந்தான். இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்கிறேன் என்று அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன். அவன் விளையாட்டின் பெயர் நதிலோக். கதையில் பெரிய நதி, அதன் மேல்முனையில் மலை ஜனங்கள், கடலில் சேருமிடத்தில் சேற்று ஜனங்கள். "காக்கு, நீங்க டிராஃப்ட்ஸ்மன்தானே, மலைக்காரங்களுக்கு ஒரு எழுத்து வரைஞ்சு குடுங்க" என்று வந்து நின்றான். சந்தானம் அப்போது ஓர் அரசாங்கத் தொழிற்சாலையின் வரைபட ஆபீஸில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரேசிங் பேப்பரும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்துக்கொண்டு முப்பத்தாறு எழுத்து போட்டுக்கொடுத்தார். ஸ்கேல் வைத்துப் போட்டதால் எல்லாம் நேர்கோடு, எல்லாம் கூர்மூலை. அதற்கு டோட்டன் உஜானி என்று பெயர் வைத்தான். பெங்காலியில் நீரோட்டத்துக்கு எதிர்த்திசை என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தான். சேற்று ஜனங்களுக்கும் எழுத்து வேண்டுமாம், அதே குடும்பத்து எழுத்து, ஆனால் வேறு மாதிரி. சந்தானம் ஆபீஸ் வேலையாக துர்காப்பூர் கிளம்பிக்கொண்டிருந்தார். "மாமியைக் கேள்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார். மாமி என்றால் ராஜலக்ஷ்மி. அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையல் மேடையிலேயே புருஷனின் தாளைப் பார்த்து பால்பாயிண்ட் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். அவளுக்குப் பேனாவைத் தூக்காமல் எழுதித்தான் பழக்கம். அதனால் மூலையெல்லாம் உருண்டை ஆயிற்று, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு வால் முளைத்தது. முப்பத்துநாலு எழுதினபோது பால் பொங்கிவிட்டது. அவள் அடுப்பைத் துடைப்பதற்குள் டோட்டன் தாளை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டான். "டேய், இன்னும் ரெண்டு எழுத்து பாக்கிடா!" என்று கத்தினாள். "சோல்பே, மாஷிமா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. இதுவே போதும் என்று அர்த்தம். அது மோஹனி ஆயிற்று, கழிமுகத்து எழுத்து.

பிறகு டோட்டனுக்கு சுக்கிர தசை. நதிலோக்கை நாலு லட்சம் பேர் விளையாடினார்கள். எழுத்தைப் படித்தால்தான் அதில் கதவு திறக்கும், படகு நகரும். டோட்டன் சிங்கப்பூருக்குப் போய் சேர்மன் ஆனான். கம்பெனி ஊருக்கு வெளியே நியூ டவுனுக்குப் போய்க் கண்ணாடிக் கட்டடம் ஆயிற்று. எழுத்துகளைக் காப்பாற்ற அதற்குள் ஒரு கவுன்சில் ஏற்பட்டது, நதிலோக் எழுத்து நெறி கவுன்சில். டோட்டன் நல்ல பையன். ஆனால் நல்ல பையன்கள் ஏற்படுத்துகிற கவுன்சில்களுக்கும் அவர்களுக்கும் பிற்பாடு சம்பந்தம் இருப்பதில்லை.

கடிதத்தின் மூன்றாவது பக்கம் இதைச் சொன்னது. மோஹனி எழுத்து உஜானியிலிருந்து மாறுபடுவது மரபினால் அல்ல, யாரோ ஓர் எழுத்தரின் கவனக்குறைவினால் என்று கவுன்சில் ஐயுறுகிறது. எனவே வரும் துர்கா பூஜையன்று வெளியாகும் புதிய பதிப்பிலிருந்து மோஹனி நீக்கப்படும், நதி முழுவதற்கும் உஜானியே எழுத்து. மூலப் பங்களிப்பாளருக்கு ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் நேரில் தெரிவிக்கலாம்.

சந்தானம் கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனார். ராஜி ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். ஏப்ரல் மாதம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்து வலக்கை விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் இழுத்தது. வாய் மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் தப்பித்தது.

"ராஜி, உன் எழுத்தை எடுக்கப்போறாளாம்."

"எடுக்கட்டும். கையே போயிடுத்து. எழுத்து இருந்து யாருக்கு என்ன ஆகணும்?"

இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வருகைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் எழுதினவள் அவள். அவள் கையெழுத்துக்காகவே ஹெட்மிஸ்ட்ரஸ் டைப் அடிக்க விடமாட்டாள். வீட்டில் அலமாரியைத் திறந்தால் இன்றைக்கும் அவள் கையெழுத்து எத்தனையோ இருக்கிறது. ஆனால் அதெல்லாம் எழுதி முடித்தது. நதிலோக்கில் மட்டும்தான் முன்பின் தெரியாத யாராரோ தினமும் ராஜியைப் போலவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போய்விட்டால், அந்தக் கை பூமியில் இருந்ததற்கு அடையாளம் பழைய காகிதம்தான் என்று சந்தானத்துக்குத் தோன்றியது. கடிதத்தைப் பிரித்து, முப்பது நாள் என்றைக்கு முடிகிறது என்று விரலில் எண்ணினார்.

திங்களும் வியாழனும் தேவிப்ரியா வருவாள். பிசியோதெரபி படித்த பெண், கரக்பூர் ரயில்வே குடும்பம். பேனாவுக்கு ஸ்பாஞ்ச் சுற்றிக் குண்டாக்கி ராஜியின் விரலுக்குள் செருகி, கோடு, சுழி, வளையம் என்று பக்கம் பக்கமாகப் போடச் சொல்வாள்.

"அம்மா, ஆறு மாசத்துக்குள்ள கையப் பழக்கிட்டீங்கன்னா முக்காவாசி திரும்பிடும். விட்டுட்டீங்கன்னா அப்பறம் நான் வந்து ஒக்காந்து காபி குடிச்சிட்டுப் போகவேண்டியதுதான். தினம் நாலு பக்கம், அவ்வளவுதான் கேக்கறேன்."

"யாரு படிக்கறதுக்கு?"

"படிக்கறதுக்கு இல்லம்மா. பழகறதுக்கு."

"யாரும் படிக்காததை நான் இதுவரைக்கும் எழுதினதில்லே" என்று ராஜி பேனாவை உதறிவிடுவாள். மூன்று மாதம் ஓடிவிட்டது. அவள் மொத்தமாக எழுதியது நாலே பக்கம். அதுவும் தேவிப்ரியா அழுகிற நிலைமைக்கு வந்தபிறகு. நாலாவது பக்கத்தில் பாதிக்குமேல் கோடே இல்லை, கோபத்தில் கிறுக்கித் தள்ளியிருந்தாள்.

சந்தானம் ஒரு மழை நாளில் நியூ டவுனுக்குப் போனார். ஆப் டாக்ஸி கிடைக்கவில்லை, இரண்டு பஸ் மாறிப் போனார். கீழே காவலாளி நீட்டிய பார்வையாளர் படிவம் உஜானியில் இருந்தது. உஜானியில்தான் நிரப்பவேண்டுமாம்.

"எனக்கு எழுதத் தெரியாதேப்பா" என்றார்.

"அப்படீன்னா உள்ளே எப்படி விடறது? மேலே எழுத்து தெரிஞ்சவங்கதான் இருக்காங்க" என்றான் காவலாளி ஹிந்தியில். அவனுக்கும் தெரியாது. ஆனால் அவன் உள்ளே போகவேண்டிய அவசியமில்லை.

ஸ்னேகா என்ற பெண் இறங்கி வந்து அவரைக் காப்பாற்றினாள். தமிழர்கள் நிறைய இருக்கிற லேக் மார்க்கெட் பக்கத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை எப்போதோ படித்த பாடம் மாதிரி யோசித்து யோசித்துப் பேசினாள். "அங்கிள், நீங்க உஜானி லிஃப்டா, மோஹனி லிஃப்டா?"

"எது மேலே போறது?"

"ரெண்டும் மேலேதான். ஆனா உஜானி டிபார்ட்மென்ட் பதினொண்ணாவது, மோஹனி பத்தாவது. நதி மேலேந்து கீழே வருதில்லையா, அதனால."

பத்தாவது மாடியின் கோப்பு பதினொன்றாவது மாடிக்குப் போகவேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகத்தான் போகவேண்டும் என்றும் அவள் சொன்னாள். இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் வாலும் மூலையும்தான், எழுதுவது இரண்டு மாடியிலும் ஆங்கில வாசகத்தைத்தான். இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் உண்டு, அவருக்கு ஓர் உதவியாளரும் உண்டு. குடிதண்ணீர்க் குழாய் பதினொன்றில் மட்டும் இருந்தது. மேலிருப்பவர்கள் குடித்தபிறகு கீழிருப்பவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். இதில் பத்தாவது மாடிக்காரர்களுக்குக் கோபம் இல்லை, பெருமைதான். நாங்கள் கழிமுகத்து ஜனங்கள், கடைசியில் எல்லாத் தண்ணீரும் எங்களிடம்தான் வந்து சேரும் என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். மோஹனியில்.

ஆட்சேபம் கேட்பவர் தலைமை நெறியாளர் டாக்டர் நீலாத்ரி. பளபளக்கிற நீள மேஜைக்குப் பின்னால், இருபுறமும் ஐந்தைந்து பேர் உட்கார, நடுவில் இருந்தார். குரல் பாகவதர் குரல். பேசியது ஆங்கிலம்.

"மிஸ்டர் சந்தானம், உஜானியின் மூலைகள் ஏன் கூர்மையானவை?"

"ஸ்டீல் ஸ்கேல் வெச்சுப் போட்டேன் சார்."

பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மலை ஜனங்கள் கல்லில் உளியால் வெட்டினார்கள். உளி வளையாது" என்றார் நீலாத்ரி, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. "மோஹனியில் இரண்டு எழுத்துகள் ஏன் இல்லை?"

"பால் பொங்கிடுத்து சார்."

வலப்பக்கம் இருந்த ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். அந்த இரண்டு எழுத்துகளும் பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன இரண்டு கிராமங்களின் குரல்கள் என்று நாற்பது பக்கம் கட்டுரை எழுதி, அதற்காகவே பதவி உயர்வு பெற்றவள் அவள்.

"பொங்கியது என்கிறாரே, வெள்ளத்தின் நினைவு வாய்மொழியில் தங்கியிருக்கிறது" என்று ஒருவர் எழுதிக்கொண்டார். "சான்றில்லாதது" என்று இன்னொருவர் அதை அடித்தார்.

சந்தானம் விடவில்லை. தான் வரைந்ததையும், ராஜி எழுதியதையும், துர்காப்பூர் ரயிலையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வால் அவள் கையெழுத்து, அவளுக்கு இப்போது கை வராது, அதை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்டார். கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தது. அதைச் செயலாளர் குறிப்பில் 'பங்களிப்பாளர் நீர் அருந்தினார்' என்று பதிவு செய்தார்.

நீலாத்ரி எழுந்து நின்று பதில் சொன்னார். "எழுத்தை உண்டாக்கியவர்கள் கையிலேயே எழுத்தை விட்டுவைத்தால் அதன் கதி என்னவாகும் என்று நீங்கள் யோசித்ததுண்டா? நீங்கள் ஒரு மத்தியானத்தில் முப்பத்தாறு எழுத்து போட்டீர்கள். நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒன்பது வருஷமாக உழைத்தும் ஓர் எழுத்துகூடப் போடவில்லை. பொறுப்பு என்றால் அதுதான். சிலர் கேட்கிறார்கள், இரண்டு எழுத்தை ஒன்றாக்கினால் ஆட்கள் குறைவார்களே என்று. தவறு. இரண்டை ஒன்றாக்க ஒரு மூன்றாவது துறை வேண்டும். ஒருமைப்பாட்டுத் துறை. அதற்கு ஒன்பதாவது மாடியை ஏற்கனவே எடுத்துவிட்டோம். மாடி எடுத்தபிறகு ஒன்றாக்காமல் இருப்பது நியாயமா?"

பத்துப் பேரும் கைதட்டினார்கள். சந்தானமும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று விழித்தார். நாற்பது வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கின கை, அதுவாகவே தட்டிவிட்டது.

ஆட்சேபம் சொல்லத் தகுதி உண்டா என்று பார்க்க உஜானி இரண்டாம் நிலைத் தேர்வு எழுதச் சொன்னார்கள். அடுத்த வாரம் மறுபடி இரண்டு பஸ். நல்லவேளை கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன, கேட்டதெல்லாம் அவர் போட்ட எழுத்துகளைப் பற்றித்தான். 'ஒன்பதாம் எழுத்தின் நடுக்கோடு உணர்த்தும் துறவு மனநிலையை விளக்குக.' ஒன்பதாவது எழுத்துக்கு நடுவில் கோடு வந்தது டிரேசிங் பேப்பரின் மடிப்பினால் என்று அவர் உண்மையை எழுதினார். நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் தேர்வாளர் சிவப்பு மையில் 'ஆசிரியரின் நோக்கம் பாடத்திட்டத்தில் இல்லை' என்று எழுதியிருந்தார்.

"ஃபெயிலானா என்ன பண்றதும்மா?" என்று ஸ்னேகாவைக் கேட்டார்.

"ரிட்டன் பெட்டிஷன் குடுக்கலாம் அங்கிள். கையால எழுதணும், நாலு பக்கத்துக்கு மேல போகக்கூடாது. ஆனா லாஸ்ட் டேட் இன்னிக்கி. நாலு மணி."

மணி மூன்று பத்து. சந்தானம் பையைத் திறந்தார். உள்ளே குடை, தயிர்சாத டப்பா, டாக்டரிடம் காட்டும்படி தேவிப்ரியா சொன்னதால் அவர் வாரக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்த ராஜியின் நாலு பக்கம். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒருபக்கம் வெள்ளையாக இருக்கிற தாளை வீணாக்குகிறவன் டிராஃப்ட்ஸ்மனே இல்லை. தண்ணீர்க் குழாய் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதினார். பதினாலு வருஷத்துக் கதையையும் எழுதினார். வாலை மட்டும் விட்டுவிடுங்கள் என்று முடித்து, மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஜன்னலில் கொடுத்தார். உள்ளேயிருந்தவர் தலைநிமிராமல் வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்தார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் ஒன்றுமில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி சிங்கப்பூரில் இருந்தது, போனை எடுக்கவில்லை. சந்தானம் லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் காபிப்பொடி வாங்கினார், ராஜிக்குத் தலைவாரிப் பின்னக் கற்றுக்கொண்டார். பின்னல் வராமல் கொண்டை போட்டார். ராஜி பேனாவைத் தொடவில்லை. தேவிப்ரியா காலண்டரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

மஹாளயத்துக்கு முதல் வாரம் கவுன்சிலிலிருந்து உறை வந்தது. இந்தத் தடவை நாலு பக்கம், அரக்கு முத்திரை வேறு. சந்தானம் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, உட்கார்ந்து முடித்தார்.

'தங்கள் வாயிலாகக் கவுன்சிலுக்குக் கிடைத்த நான்கு ஏடுகள் ஆராயப்பட்டன. இவை உஜானிக்கும் மோஹனிக்கும் முந்தைய, இரண்டுக்கும் தாயான எழுத்தில் அமைந்தவை என்று கவுன்சில் ஏகமனதாக முடிவு செய்கிறது. ஏடுகளின் பின்புறத்தில் பிற்காலத்தவர் யாரோ ஆங்கிலத்தில் கிறுக்கியுள்ளனர். அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.'

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு மேற்கொண்டு படித்தார். தாயெழுத்தில் கூர்மூலை எங்குமே இல்லை. சுழியும் வளையமும் கீழிறங்கும் வாலும் மோஹனியில் அப்படியே வந்திருக்கின்றன. ஆகவே மோஹனியே உண்மையான வாரிசு. கூர்மூலையுள்ள உஜானி பிற்காலச் சிதைவு. வரும் பூஜைப் பதிப்பிலிருந்து உஜானி நீக்கப்படுகிறது. நான்காம் ஏட்டின் கீழ்ப்பாதியில் காணப்படும் அடர்ந்த கோடுகள் ஆதி ஜனங்களின் கோப தெய்வத்தைக் குறிக்கின்றன.

கடைசி வரி ஒன்றுதான் சரி என்று சந்தானம் நினைத்துக்கொண்டார்.

இருந்தாலும் நேர்மையான மனுஷர். ஸ்னேகாவுக்குப் போன் பண்ணி, அது எழுத்தே இல்லை, வைத்தியத்துக்குப் போட்ட கோடு என்று சொல்லிவிட்டார்.

"ஐயோ அங்கிள், ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்கோ" என்று அவள் கெஞ்சினாள். "ரெண்டு டிபார்ட்மென்டும் ஃப்ளோர் மாத்தியாச்சு. மோஹனி மேலே வந்துட்டாங்க, உஜானி கீழே. தண்ணிக்குழாய்கூடக் கழட்டி மாட்டியாச்சு. இப்போ போய்ச் சொன்னா மறுபடி மாத்தணும், எல்லாரும் டயர்ட் அங்கிள்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஏடு இருக்கா?" என்றாள்.

உஜானியை நீக்க மூலப் பங்களிப்பாளரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமென்று ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். தன் முப்பத்தாறு எழுத்தையும் தூக்கிப் போடுவதற்கு சந்தானம் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவுகிறவர் மாதிரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது எழுத்துக்காக மட்டும் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டார். அது நன்றாகத்தான் வந்திருந்தது.

ராஜியிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினார். அவள் கவுன்சிலின் இணைப்புக் கட்டுரைக்கு வருகிறவரை பொறுமையாகக் கேட்டாள். 'ஏடுகளை எழுதியவர் மலைக்குகையில் தவமிருந்த முதியவர். தாடியும் ஜடையும் உடையவராக இருந்திருக்கலாம். தெய்வ சன்னிதியில் கை நடுங்க எழுதினார்' என்று நீலாத்ரி எழுதியிருந்தார்.

"கிழவனா? தாடியா?" என்று ராஜி நாற்காலியில் நிமிர்ந்தாள். "ஆம்பளை எழுத்துக்கும் பொம்மனாட்டி எழுத்துக்கும் வித்யாசம் தெரியலே, இவாள்ளாம் கவுன்சிலா? இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட ரிஜிஸ்டர் எழுதினவ நான். கை நடுங்கறதாம் தெய்வத்தைப் பாத்து! எனக்கு ஸ்ட்ரோக்குடா கடங்காரா!"

"ராஜி, பிபி ஏறும்."

"ஏறட்டும். நாலு லட்சம் பேர் இதைப் படிக்கறான்னு சொன்னேளே, நெஜமாவா?"

"பூஜைலேர்ந்து படிப்பா. மலைக்குகைக் கதவெல்லாம் இந்த எழுத்துலதான் திறக்கணுமாம். இன்னும் ஏடு இருந்தா அனுப்பச் சொல்லிருக்கா."

ராஜி கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயில் ஒன்று கிளம்பிப் போயிற்று. "அந்தக் கோணல் வளையத்தையா நாலு லட்சம் பேர் பாக்கப்போறா? மானம் போயிடும். அந்த ஸ்பாஞ்சுப் பேனாவை எடுங்கோ. தாள் எடுங்கோ. ஒருபக்கம் எழுதினது வேண்டாம், புதுத் தாள்."

அன்றைக்கு நாலு பக்கம் எழுதினாள். மறுநாள் ஆறு. தேவிப்ரியா வியாழக்கிழமை வந்து பக்கங்களை இரண்டு தடவை எண்ணினாள். "என்னம்மா ஆச்சு உங்களுக்கு?" என்றாள். "எனக்கு ரீடர்ஸ் வந்திருக்கா" என்றாள் ராஜி, தலைநிமிராமல்.

பூஜை வந்தது, தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் பிரித்தார்கள். லக்ஷ்மி பூஜை, காளி பூஜை எல்லாம் போயிற்று. சந்தானம் வாரம் ஒரு கட்டு ஏடுகளைக் கூரியரில் அனுப்பினார். கவுன்சிலில் தாயெழுத்துக்கு மூன்று மாடி ஒதுக்கினார்கள். நெறியாளர் பதவியில் ஒருவரை நியமித்து, அவரை மேற்பார்வையிட இன்னொருவரையும் நியமித்தார்கள். ஒரு தாளில் ரசம் சிந்திவிட்டது, அதற்கே தனியாக ஒரு கருத்தரங்கு நடந்தது. ராஜிக்குக் கை வலித்தால் பிடித்துவிடுவதும் தாள் மாற்றுவதும் சந்தானத்தின் வேலை. பக்கம் பக்கமாகத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டாக்டரைக் கேட்டால் "பார்ப்போம்" என்றார். தேவிப்ரியாவைக் கேட்டால் "வாயால சொல்ல மாட்டேன் சார், கண்ணு பட்டுடும்" என்றாள். ராத்திரி படுக்கும்போதெல்லாம் அவர் மனதில் ஒரே கேள்வி இருந்தது. ஆறு மாதம் முடிந்துவிட்டதே, இந்தக் கை திரும்புமா, திரும்பாதா?

டிசம்பர் நடுவில், கடைத்தெருவில் புது வெல்லம் வந்திருந்த சமயம், கவுன்சிலிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அரக்கு இல்லை. மேலே சிவப்பில் 'விளக்கம் கோரும் அறிவிப்பு' என்று இருந்தது. சந்தானம் ராஜிக்குக் கேட்கும்படி உரக்கவே படித்தார்.

'தாங்கள் அனுப்பிய ஏடுகளைக் கவுன்சில் நுண்கருவிகளால் அளந்து வந்துள்ளது. அக்டோபர் ஏடுகளோடு ஒப்பிடுகையில் டிசம்பர் ஏடுகளில் எழுத்தின் நடுக்கம் நூற்றுக்கு அறுபத்தெட்டு பங்கு குறைந்துள்ளது கண்டு கவுன்சில் ஆழ்ந்த கவலை கொள்கிறது. கோடுகள் வரம்புக்குள் நிற்கின்றன. வளையங்கள் முழுமையாக மூடுகின்றன. அழுத்தம் சீராக உள்ளது. வாரத்துக்கு வாரம் இந்தச் சீர்கேடு பெருகிவருவதை இணைப்பிலுள்ள வரைபடம் காட்டும். இவ்வாறே போனால் மார்ச் மாதத்துக்குள் இது சாதாரண மனிதர் எழுதும் தெளிவான கையெழுத்தாகவே ஆகிவிடும் அபாயம் உள்ளது. இதற்கு யார் பொறுப்பு என்று பதினைந்து நாளில்...'

அதற்குமேல் அவரால் படிக்க முடியவில்லை. வரைபடத்தைப் பிரித்தார். நாற்பது வருஷம் கிராஃப் படித்த கண் அது. ஒன்பது வாரத்துக்கும் ஒன்பது புள்ளி வைத்து, கவுன்சில் ஓர் அழகான கோடு போட்டிருந்தது, மேலிருந்து கீழே இறங்கி வந்துகொண்டே இருந்தது. எந்த டாக்டரும் கொடுக்காத சர்ட்டிபிகேட்டை நூற்றுப் பன்னிரண்டு பேர் கூடிக் கவலைப்பட்டுக் கொடுத்திருந்தார்கள். சந்தானம் காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

"என்னன்னா இது, நோட்டீஸ் குடுத்தா அழறதா?" என்றாள் ராஜி. அவள் கண்ணும் சரியாக இல்லை. "மார்ச்சுனு போட்டிருக்காளா?"

"மார்ச்சுனுதான் போட்டிருக்கா."

"பதினஞ்சு நாள்ள பதில் குடுக்கணுமோல்லியோ. ஒரு தாள் குடுங்கோ. அந்தக் குண்டுப் பேனா வேண்டாம். சாதாப் பேனா."

"என்ன எழுதப்போறே?"

"யார் பொறுப்புன்னு கேட்டிருக்காளே, பேர் போடணும். அதுக்கு முன்னாடி பழைய பாக்கி ஒண்ணு இருக்கு. முப்பத்தஞ்சும் முப்பத்தாறும்." அவள் பேனாவைப் பிடித்தாள். முதல் தடவை நழுவியது, மறுபடி எடுத்துப் பிடித்தாள். "நீங்கோ உள்ளே போய் நில்லுங்கோ. அடுப்புல பால் இருக்கு."

சந்தானம் சமையலறைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்றார். கூடத்தில் பேனா தாளில் மெதுவாகப் போகிற சத்தம் கேட்டது, நடுவில் எங்கேயும் தூக்கவில்லை. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அவர் பாலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.